காங்கேசன்துறைக்கு அரை நாள் காணும்

கையில் ஒரு கடலைச் சரையுடன் நடேசு என் படலையடியில் நின்றான். நல்ல வெயில். சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு, சரையிலிருந்த கடலை முழுவதையும் சட்டைப் பைக்குள் கொட்டினான். பிறகு அந்தத் தாளைப் பிரித்து, சைக்கிள் சீற்றின் மேல் வைத்து, உள்ளங்கையால் நாலைந்து தரம் அழுத்தி மடிப்பெடுத்தான். எண்ணெயும் மிளகாய்த்தூளும் ஊறிய தாள்.

“மாஸ்ரர், உது நீர் எழுதினதுதானே?”

ஏழு வருடத்துக்குப் பிறகு அவன் என்னோடு பேசிய முதல் வார்த்தை அது. அதற்கு முன் நான் அவனுக்கு மாஸ்ரரும் இல்லை, நீரும் இல்லை. மச்சான். கோபம் வந்தால் விசரன். ‘நீ’ என்று அழைத்த நண்பன் ஒருநாள் ‘நீர்’ என்று அழைத்தால், எங்கள் பக்கத்தில் அது மரியாதை அல்ல. கதவைச் சாத்தியாயிற்று என்று அர்த்தம்.

“வாசிக்கட்டே?” என்றான். என் பதிலுக்குக் காத்திராமல் வாசித்தான்.

‘காங்கேசன்துறைக்கு அரை நாள் காணும். ரயில் முடியும் இடம் என்பதற்கு மேல் அந்த ஊருக்குப் பெருமை இல்லை. சீமெந்துத் தூசியைப் பொறுக்கக்கூடியவர்கள் வெளிச்சவீட்டைப் பார்த்துவிட்டு, மத்தியானத்துக்கு முன் கரையோரப் பஸ்ஸைப் பிடித்துப் பருத்தித்துறைக்கு வந்துவிடுவது புத்தி. சாப்பாட்டுக்குச் சொல்லும்படியாக அங்கே ஒன்றுமில்லை.’

கடைசி வரியை இரண்டாம் முறையும் வாசித்தான்.

“சரியாய்த்தான் எழுதியிருக்கிறீர் மாஸ்ரர். அரை நாள்தான் கண்டது. காலமை ஷெல் விழத் துவங்கினது, மத்தியானத்துக்குள்ளை வெளிக்கிட்டிட்டம். பருத்தித்துறைக்கு வாறதுதான் புத்தி எண்டும் எழுதியிருக்கிறீர். வந்திட்டம்.”

தொண்ணூறாம் ஆண்டு. காங்கேசன்துறையோடு வலிகாமத்தின் வடகரை முழுவதும் கிளம்பி வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

ஒரு வாசகரின் கேள்வி

இந்தத் தொடரை வாசிக்கும் அன்பர் ஒருவர் கனடாவிலிருந்து எழுதியிருக்கிறார். பிள்ளைகளுடன் ஊருக்கு வருகிறாராம். ஒரு நாள்தான் கையில் இருக்கிறதாம். வெள்ளைக்காரன் காலத்துத் துறைமுகப் பட்டினங்களில் காங்கேசன்துறையைக் காட்டலாமா, பருத்தித்துறையைக் காட்டலாமா, ‘மாஸ்ரர்தான் சொல்ல வேண்டும்’ என்கிறார். ஆள் தெரியாமல் கேட்டுவிட்டார். இந்தக் கேள்விக்கு, காங்கேசன்துறைக்கு அரை நாள் போதும் என்று நான் ஒருமுறை அச்சிலேயே பதில் சொன்னவன். அந்தப் பதிலின் கதையை எழுதிவிடுகிறேன். பிறகும் என்னிடம் கேட்க மனம் வந்தால் கேட்கட்டும்.

இரண்டு துறைக்காரர்

நடேசுவும் நானும் யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஒரே பள்ளிக்கூட விடுதியில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் ஐந்து வருடம் கிடந்தவர்கள். அவன் காங்கேசன்துறை, நான் பருத்தித்துறை. இரண்டுக்கும் இடையில் கரையோரமாக ஒரு மணித்தியாலப் பஸ் ஓட்டம். இரண்டிலும் துறைமுகம், இரண்டிலும் வெளிச்சவீடு. பறங்கியும் ஒல்லாந்தனும் இங்கிலீசுக்காரனும் மாறி மாறிக் கால் வைத்த இரண்டு கரைகள். சண்டை பிடிக்க வேறு என்ன வேண்டும்?

“எங்கடை துறை முருகன் வந்திறங்கின துறையடா. அதாலைதான் காங்கேயன்ரை பேர். உங்கடை ஊரிலை என்ன வந்திறங்கினது? பருத்தி மூட்டை!” என்பான் அவன்.

“உங்கடை ஊரிலை காகமும் வெள்ளை. எல்லாம் சீமெந்துத் தொழிற்சாலைத் தூசி” என்பேன் நான்.

“ரெயில் கண்டிருக்கிறியே நீ?”

“தெரு மூடின மடம் கண்டிருக்கிறியே? தலைக்கு மேலை கல்லு, கீழை றோட்டு, நடுவிலை காத்து. உங்கடை ஆக்கள் அப்பிடி ஒண்டு கட்டுவினமே?”

“எங்கடை ஆக்களுக்கு வீடிருக்கு. றோட்டிலை படுக்கத் தேவையில்லை.”

விளக்கணைத்த பிறகும் இது ஓடும். வடை ஒருவன் பக்கம், மீன் மற்றவன் பக்கம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அதில் ஒரு சந்தோசம் இருந்தது, ஒளிக்க மாட்டேன். இன்று யோசித்தால், என் ஊரை நான் நேசிக்கக் கற்றதே அவன் நக்கலுக்குப் பதில் தேடித்தான்.

படித்து முடித்ததும் அவன் தன்னுடைய ரயிலுக்கே போனான். காங்கேசன்துறை ஸ்ரேசனில் டிக்கட் கொடுக்கும் வேலை. நான் வாத்தியார் ஆனேன். அவன் பூமணியைக் கலியாணம் முடித்து, ஸ்ரேசனுக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருந்தான். “ஒருநாள் வந்து எங்கடை வீட்டிலை சாப்பிடன்ரா” என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதுவான். நானும் வருகிறேன் வருகிறேன் என்றே எழுதிக்கொண்டிருந்தேன்.

அம்மானின் லொட்ஜ்

எண்பத்து மூன்று தொடக்கத்தில், ஆடிக் கலவரத்துக்குச் சில மாதங்கள் முன்பு, என் தாய்மாமனுக்கு ஒரு யோசனை வந்தது. எங்கள் வழக்கப்படி அவர் எனக்கு அம்மான். பருத்தித்துறை பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஆறு அறை கொண்ட லொட்ஜும் அதன் முன்னால் ஒரு சில்லறைக் கடையும் வைத்திருந்தார். மலைநாட்டிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கல்விச் சுற்றுலா கொண்டுவருகிறவர்கள் காங்கேசன்துறை வரை ரயிலில் வந்து, அங்கேயே ராத் தங்கிவிட்டு, மறுநாள் கீரிமலைக் கேணியில் முழுகிவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். அம்மானின் அறைகளில் பல்லி படுத்தது.

“தம்பி, நீ எழுதுவாய்தானே. வாறவைக்கு வழிகாட்டியாய்ச் சின்னப் புத்தகம் ஒண்டு எழுது. அச்சுச் செலவு என்ரை பாடு. ஆனால் படுக்கை இஞ்சைதான் எண்டு வரவேணும்.”

என்னைப் படிப்பித்தவர் அவர். நக்குண்டார் நாவிழந்தார். அதைவிட உண்மையைச் சொன்னால், அச்சில் என் பெயரைப் பார்க்க எனக்கும் நாக்கில் நீர் ஊறியது.

பள்ளிக்கூட அலுமாரியில் துரைமார் எழுதிய பழைய பயணக் கைநூல்கள் கிடந்தன. எந்தத் துறைமுகத்தில் எத்தனை மணித்தியாலம் நிற்கலாம், தண்ணீர் எப்படி, றெஸ்ற் ஹவுஸ் கட்டில் எப்படி, சனங்கள் எப்படி என்று குதிரையிலிருந்து இறங்காமலே எழுதியவை. அந்த நடை எனக்குப் பிடித்துப்போயிற்று. ‘இந்த ஊருக்கு ஒரு நாள்’, ‘அந்த ஊருக்கு அரை நாள்’ என்று ஊர்களை நறுக்கும் திமிர் அதிலிருந்து வந்ததுதான். பக்கத்து ஊரை, என் கட்டிலுக்குப் பக்கத்தில் படுத்தவனின் ஊரை, நான் துரை மாதிரிப் பார்த்தேன்.

பருத்தித்துறைக்குப் பதினொரு பக்கம். காங்கேசன்துறைக்கு ஒரே ஒரு பக்கம்.

விளைமீன்

அந்த ஒரு பக்கத்தை எழுதவாவது ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து காலை ரயிலில் போனேன். டிக்கட் யன்னலுக்குள்ளிருந்து நடேசு என்னைக் கண்டான். கம்பிக்கு வெளியே கையை நீட்டி என் சட்டையைப் பிடித்தான்.

“வந்திட்டியே மச்சான்! பன்ரெண்டரைக்கு எனக்கு டியூட்டி முடியும். அதுமட்டும் சுத்திப்பார். பூமணி சமைக்கிறாள். விடியவே கரைக்குப் போய் விளைமீன் வாங்கினனான். பாத்துப்போட்டு எழுது, எங்கடை ஊர் எப்பிடியெண்டு.”

நான் ஓம் என்றேன். வெளிச்சவீடு வரை நடந்தேன். துறைமுக வாசலில் நின்றேன். றெஸ்ற் ஹவுஸ் விறாந்தையில் ஒரு சோடா குடித்தேன். திரும்பி வரும் வழியில் கரையோரப் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கொண்டக்டர் எங்கள் ஊர்ப் பெடியன்.

“மாஸ்ரர், வாறியளே? அடுத்தது பின்னேரம்தான்.”

அன்று மாலையே எழுத்து அச்சகத்துக்குப் போக வேண்டும் என்று அம்மான் சொல்லியிருந்தார். நடேசு கோபிக்க மாட்டான், நண்பன்தானே, இன்னொரு சனிக்கிழமை வரலாம் என்று நினைத்தேன். அவனிடம் போய்ச் சொல்லவுமில்லை. சொன்னால் விடமாட்டான். ஏறிவிட்டேன்.

பஸ்ஸில் இருந்துகொண்டு மடியில் தாளை வைத்து எழுதியதுதான் அந்தப் பக்கம். கடைசி வரியை எழுதும்போது பசித்தது. அதனால்தான் சாப்பாட்டின் ஞாபகம் வந்திருக்க வேண்டும். காங்கேசன்துறையில் ஒன்றும் சாப்பிடாதவன், சாப்பாட்டுக்கு அங்கே ஒன்றுமில்லை என்று எழுதினான்.

சித்திரை விடுமுறைக்கு முன் புத்தகம் வந்தது. அம்மானின் அறைகள் நிறைந்தன. நடேசுவுக்கு நானே ஒரு பிரதி தபாலில் அனுப்பினேன். அவ்வளவு மண்டைக்கனம். ‘அன்பு நண்பனுக்கு’ என்று கையெழுத்தும் வைத்தேன்.

பதில் வரவில்லை. ஆடி வந்தது. கலவரத்தோடு சுற்றுலாக்காரர் நின்றார்கள். புத்தகத்தின் ஆயுள் நாலே மாதம். மிஞ்சிய கட்டுகள் அம்மானின் கடைப் பரணில் ஏறின.

அடுத்த தையில் எனக்குக் கலியாணம். நடேசு வரவில்லை. அதற்கடுத்த வருடம் அவனுடைய தகப்பன் செத்தார். விடுதிக்கு வரும்போதெல்லாம் எனக்கும் சேர்த்துப் பனங்கட்டி கொண்டுவந்த மனிதர். கலியாணத்துக்கு வராதவன் வீட்டுச் சாவுக்கு நான் ஏன் போக வேண்டும் என்று வீட்டில் இருந்தேன். முப்பத்தோராம் நாள் சாம்பல் கரைக்கும் அந்தியேட்டி கீரிமலையில் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். அதற்கும் போகவில்லை. நன்மை தீமை இரண்டும் நின்றால் எங்களுக்குள் எல்லாம் நின்றது என்றுதான் கணக்கு.

எழுதும் மாஸ்ரர்

பிறகு நடந்ததுதான் கடலைச் சரை. பொருளாதாரத் தடையில் கொப்பித் தாளுக்குக்கூடப் பஞ்சம். அம்மான் பரணில் இருந்த கட்டுகளை இறக்கி, பக்கம் பக்கமாகக் கிழித்துச் சரை சுற்றினார். ஊர் ஊராக இடம்பெயர்ந்து வந்தவன் ஒரு கடையில் கடலை வாங்க, அவனுடைய ஊரையே சுற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

படலைக்கு வெளியே நின்றபடி அவன் கேட்டான்.

“அண்டைக்கு எங்கடை ஊரிலை எத்தினை மணி மட்டும் நிண்டனீர்?”

“பதினொண்டு இருக்கும்.”

“எத்தினைக்கு வந்தனீர்?”

“ஒம்பதேகாலுக்கு.”

விரலை மடித்துப் பார்த்தான். “அப்ப அரை நாளும் இல்லை.”

அரை நாள் என்பதே நான் கூட்டி எழுதியது. அதைக் கண்டுபிடித்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பூமணி நாலு மணி மட்டும் சாப்பிடேல்லை. விருந்தாள் சாப்பிடமுன்னம் என்னெண்டு சாப்பிடுறது எண்டு இருந்திட்டாள். இலையும் வாடிப்போச்சு. பிறகு நீர் அனுப்பின புத்தகத்தை நான்தான் அவளுக்கு வாசிச்சுக் காட்டினனான். கடைசி வரியை வாசிக்காமல் விட்டிருக்கலாம். விசரன், வாசிச்சுப்போட்டன்.”

என் வீட்டு முன்னறை சும்மா கிடந்தது. “வந்து இருங்கோ நடேசு” என்றேன். பூமணி மாட்டேன் என்றுவிட்டாள். அந்த வீட்டில் பச்சைத் தண்ணீரும் வேண்டாம் என்றாளாம். ஒரு பள்ளிக்கூடத்துப் பின்கட்டில் இருந்தார்கள். பிறகு யாரோ ஒருவரின் பனங்காணி மூலையில் கொட்டில் போட்டார்கள். பிள்ளைகள் இல்லை.

ஆனால் நடேசு வந்தான். கிழமைக்கு இரண்டு முறை, பின்னேரத்தில். அவனுக்கு என்னிடம் ஒரே ஒரு அலுவல்தான் இருந்தது.

“எங்கடை ஊரைப் பற்றி அச்சிலை இருக்கிறது உம்மடை அந்த ஒரு பக்கம்தான். அதைத் திருத்தி எழுதும் மாஸ்ரர். நான் சொல்லுறன், நீர் எழுதும்.”

“ஆர் இப்ப பயணம் வரப்போயினம் நடேசு?”

“வருவினம். சண்டை எண்டால் ஒருநாள் முடியும்தானே. வந்து உம்மடை பக்கத்தைப் பாத்துப்போட்டு அரை நாளிலை போயிடுவினம்.”

சொன்னான். பிளாற்போமின் கடைசித் தூணடியில் நின்றால் கடல் மணக்கும் என்று எழுதச் சொன்னான். ஸ்ரேசனுக்குப் பின்னால் ஒரு கிணறு, கடலுக்கு அவ்வளவு கிட்ட இருந்தும் உப்பில்லை. சோளகக் காற்று வீசும் காலத்தில் சீமெந்துத் தூசி எந்தப் பக்கம் போகும், எந்தத் தெருக்காரர் அந்த மாதங்களில் வெள்ளை வேட்டி காயப்போடுவதில்லை. மாவிட்டபுரத்துத் தேருக்கு வந்திறங்கும் சனத்துக்கு எத்தனை மணிக்கு எந்தத் தேத்தண்ணிக் கடை திறக்கும். ஒரு நாளும் காணாது, இரண்டு நாள் நிற்க வேண்டும் என்று எழுதச் சொன்னான்.

நான் தலையை ஆட்டினேன். சில நாள் குறிப்பும் எடுத்தேன். ஆனால் எழுதவில்லை. தாள் இல்லை என்று அவனுக்குச் சொன்னேன். பொய். பழைய பரீட்சைத் தாள்கள் ஒரு கட்டு என்னிடம் இருந்தது, ஒருபக்கம் வெறுமையாக. திருத்தி எழுதுவதென்றால் முதல் வரியில், ‘முன்னர் எழுதியவன் அந்த ஊரைப் பார்க்காமல் எழுதினான்’ என்று எழுத வேண்டும். ஊர் முழுக்க மாஸ்ரர் என்று மதிக்கும்போது அதை எழுத எனக்குக் கை வரவில்லை. இப்படியே மூன்று வருடத்துக்கு மேல் இழுத்தேன்.

கடைசி வரை அவன் என்னை மச்சான் என்று கூப்பிடவில்லை. திருத்தி எழுதிக் கொடுத்திருந்தால் கூப்பிட்டிருப்பான்.

அவனுக்குச் சீனி வருத்தம் இருந்தது. ஊசி மருந்து வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. கரண்ட் இல்லாத ஊரில் மருந்துக் குப்பியை ஈரமண்ணில் புதைத்து வைத்துப் பாவித்தார்கள். காலில் ஒரு சின்னப் புண் வந்தது, பிறகு அது சின்னதாக இருக்கவில்லை. நான் பார்க்கப் போனபோது, “எழுதியாச்சே மாஸ்ரர்?” என்று கேட்டான். அரைவாசி முடிந்தது என்றேன். சாகக் கிடக்கிறவனிடமும் பொய்தான் சொன்னேன்.

முப்பத்தோராம் நாள்

இந்தமுறை சாவுக்கும் போனேன், அந்தியேட்டிக்கும் போனேன்.

வலிகாமத்தாருக்கு அந்தியேட்டி என்றால் கீரிமலைதான். நடேசுவின் வீட்டிலிருந்து கீரிமலை இரண்டு மைல்கூட வராது. அவன் தகப்பனின் சாம்பல் அங்கேதான் கரைந்தது. ஆனால் ராணுவம் பிடித்துவைத்திருந்த அந்தக் கரைக்கு இப்போது செத்தவனுக்கும் அனுமதி இல்லை. நடேசுவின் தமையன் மகன் சாம்பல் முட்டியோடு பருத்தித்துறைக் கடலில் இறங்கினான். கல்லும் பாசியும் வழுக்கும் கரை. சுற்றுலாப் பயணிகள் காலை வேளையில் அவசியம் பார்க்க வேண்டிய கரை என்று என் புத்தகத்தில் முழுப் பக்கம் எழுதியிருந்தேன்.

கொட்டிலுக்குத் திரும்பினோம். முற்றத்தில் பாய் விரித்து இலை போட்டிருந்தார்கள். நான் நழுவப் பார்த்தேன். பூமணி வாசலுக்கு வந்தாள். ஏழும் நாலும் பதினொரு வருடத்தில் அவள் என்னோடு பேசியதில்லை.

“அண்ணை, இண்டைக்கெண்டாலும் சாப்பிட்டிட்டுப் போங்கோ.”

இருந்தேன். அவளுடைய கையால் நான் சாப்பிட்ட முதல் சோறு, அவள் புருசனின் அந்தியேட்டிச் சோறு. கத்தரிக்காய்க் கறி, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், ரசம். அப்படி ஒரு கைப்பக்குவம். கிழமைக்கு ஒருமுறை பஸ் ஏறிப்போய்ச் சாப்பிடலாம்.

மற்றவர்கள் எழும்பிப் போன பிறகு அவள் சோற்றுச் சட்டியோடு என் இலைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“புத்தகத்திலை அரை நாள் காணும் எண்டு எழுதினீங்கள் அண்ணை. நானும் யோசிச்சுப் பாத்தனான். காலமை வெளிக்கிட்டால், கீரிமலையிலை கரைச்சுப்போட்டு, அப்பிடியே எங்கடை வளவையும் எட்டிப் பாத்துப்போட்டு, மத்தியானத்துக்கு இஞ்சை வந்திடலாம். நீங்கள் எழுதினது சரி. அரை நாள் காணும்.”

முற்றத்துப் பூவரசை அவள் பார்த்தாள். கொப்பில் ஒரு சின்ன முட்டி, வாய்க்குத் துணி கட்டித் தொங்கியது.

“பாதியை வைச்சிருக்கிறன். அந்த அரை நாள் கிடைக்கும்தானே.”

இலையில் கிடந்த சோற்றைப் பிசைந்தேன்.

“இன்னும் போடட்டே அண்ணை?”

போட்டாள். இலை நிறைந்த பிறகும் அகப்பையோடு என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பந்தியில் இருப்பவன் போதும் என்பதற்கு ‘காணும்’ என்று சொன்னால்தான் பரிமாறுகிறவர் நிறுத்துவார். அந்தச் சொல்லை அவள் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் இன்னும் ஒரு அகப்பை போட்டாள்.